எஸ்பெராந்தோவில் புளி கரைத்த கதை

பென்ஷன் வாங்க ஆரம்பித்த ஆண்பிள்ளை முதலில் பரண் மேல் ஏறுவான். அங்கே இருப்பதையெல்லாம் இறக்கிப் போட்டு, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுத் திட்டு வாங்குவான். அப்புறம் சமையலறைக்குள் நுழைந்து, காஸ் சிலிண்டர் ஏன் இத்தனை சீக்கிரம் தீருகிறது என்று விசாரணைக் கமிஷன் வைப்பான். அதிலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வருவான். இந்த இரண்டு கட்டங்களையும் நான் மளமளவென்று முடித்துவிட்டதால், மிச்சமுள்ள ஆயுளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எஸ்பெராந்தோ படிக்க ஆரம்பித்தேன்.

அது ஏதோ இத்தாலிக் கார் என்று நினைத்து, "மைலேஜ் என்ன தருது மாப்ள?" என்று கேட்டார் என் மச்சான்.

கார் இல்லை, மொழி. தானாக முளைத்த மொழியும் இல்லை. ஒரு மனுஷன் உட்கார்ந்து செய்தது. செய்தவர் லூத்விக் ஸாமென்ஹோஃப் என்ற கண் டாக்டர். இன்றைக்குப் போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக் என்ற ஊரில் 1859-ல் பிறந்தவர். போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், இத்திஷ் என்று ஆளுக்கொரு பாஷை பேசி, ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்த ஊர் அது. எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு மொழி இருந்துவிட்டால் சண்டை குறையும் என்று அவர் நம்பினார். (குறையாது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரே மொழிதான் பேசுகிறோம்.)

1887 ஜூலையில் வார்சாவில் அந்த மொழியைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டார். 16 இலக்கண விதிகள், சுமார் 900 வேர்ச்சொற்கள், அவ்வளவுதான். 'டாக்டர் எஸ்பெராந்தோ' என்று புனைபெயர் போட்டுக்கொண்டார்; நம்பிக்கையோடு இருக்கிறவர் என்று அர்த்தம். அச்சுக்குப் பணம் கொடுத்தவர் அவருக்கு மாமனாராக வரவிருந்த சோப்பு ஆலைக்காரர். கல்யாணம் அடுத்த மாதம், ஆகஸ்டில்தான். பெண்ணை அனுப்பி வைக்கும் முன்னாலேயே மாப்பிள்ளையின் மொழிக்கு முதல் போட்ட அந்தப் புண்ணியவானை நினைத்தால் எனக்குக் கண்ணில் ஜலம் வருகிறது. என் மாமனார் எனக்குப் போட்டது ஒரு கைக்கடிகாரம். அதற்கும் தினமும் நான்தான் சாவி கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழை வைத்துக்கொண்டு இதற்கு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. அம்மா பழமொழியில் பேசுவாள். என் மனைவிக்குப் பேச்சு வழக்கு. நான் ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்ததும் "வெண்டைக்காயில வெளக்கெண்ணெய் ஊத்தின மாதிரி பேசாதீங்க" என்று முடித்துவிடுவாள். மகள் சினிமா காமெடியில் மட்டுமே பதில் சொல்வாள். வங்கிக்குப் போய் ஒரு கையெழுத்து மறந்து திரும்பி வந்தால் "வாழைப்பழம்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். கவுண்டமணி, செந்தில், இரண்டு பழம், ஒரு ரூபாய் எல்லாம் அதற்குள் அடக்கம். 1991-ல் வந்த ஒரு 'ஸ்டார் ட்ரெக்' பாகத்தில் இப்படி ஒரு வேற்றுக்கிரக இனம் வரும். பழைய கதைகளில் நடந்ததைக் குறிப்பு காட்டியே எல்லாவற்றையும் பேசுவார்கள். சொல் ஒவ்வொன்றும் கப்பல்காரர்களுக்குப் புரியும், சொன்னது மட்டும் புரியாது. தொடரில் அது விண்வெளி விபரீதம். எங்கள் வீட்டில் அது காலை டிபன்.

ஆயுள் முழுக்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு ரசீதுக்கு ஒரு எண் என்று வாழ்ந்தவன். எஸ்பெராந்தோ எனக்காகவே செய்தது போலிருந்தது. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், பெயரடை எல்லாம் 'ஆ'வில் முடியும், விதிவிலக்கு கிடையாது. நல்லது என்பதற்கு 'போனா'. கெட்டது என்பதற்குத் தனியாக வேறு சொல் மனப்பாடம் செய்ய வேண்டாம். முன்னால் 'மால்' சேர்த்தால் போதும், 'மால்போனா'. ஒரே அச்சில் எதிர்ச்சொல் அத்தனையும் வார்த்துவிடலாம். இந்த வசதியை எஸ்பெராந்தோக்காரர்கள் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'த்ரிங்கி' என்றால் குடிப்பது. அதற்கு எதிர்ச்செயலை வேடிக்கையாக 'மால்த்ரிங்கி' என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரனான எனக்கு இந்தச் சொல் அன்றாடம் ராத்திரி பயன்படுகிறது.

மொழியின் அறிமுகப் பாடங்களை முடித்த கையோடு ஒரு கடிதத் தோழரும் கிடைத்தார். ஹங்கேரியில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹங்கேரியன் தெரியாது. நடுவில் எஸ்பெராந்தோ. டாக்டர் கனவு கண்டது இதைத்தானே! முதல் கடிதங்களில் வானிலை, பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று சௌக்கியமாகப் போயிற்று. அப்புறம் எங்கள் வீட்டுக் கரண்ட் பில் வந்தது.

பில்லைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது என்று எழுதினேன். இலக்கணம் சுத்தம். புளிக்கு அகராதியில் சொல் இருந்தது, வயிற்றுக்கு இருந்தது, கரைப்பதற்கும் இருந்தது. ஒரு விதியும் மீறவில்லை. பதில் உடனே வந்தது. தங்கள் ஊரிலும் மலச்சிக்கலுக்குப் புளி சேர்ந்த மருந்து உண்டு என்றும், ஆனால் மின்கட்டணம் வரும் சமயத்தில் அதைச் சாப்பிடுவது எதனால் என்றும், வேளைக்கு எத்தனை கிராம் என்றும் கேட்டிருந்தார். தனக்கும் அந்த உபத்திரவம் இருப்பதாகக் கடைசியில் ஒரு வரி.

விளக்கினேன். விளக்கிய கடிதத்தில் 'நான் உங்களுக்குக் காது குத்தவில்லை' என்று வேறு எழுதித் தொலைத்தேன். பேத்திக்குப் போன மாதம்தான் காது குத்தினார்களாம். வலிக்கவே இல்லையாம். படம் அனுப்பியிருந்தார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மகன் கனடாவில் வேலை பார்ப்பதைப் பற்றி எழுதும்போது, 'அங்கேயும் வேலி சாஸேஜால் ஆனதல்ல' என்று எழுதினார். சைவ வீட்டில் பிறந்த நான் சாஸேஜ் என்றால் இறைச்சிக் குழல் என்பதைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் ஆயிற்று. பிறகு, யோசித்து, எங்கள் பக்கம் வேலிக்குக் கருவேல முள் போடுவோம், ஆடு மேயாது என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். போன இடமெல்லாம் பாலும் தேனும் ஓடவில்லை என்பதற்கு ஹங்கேரிக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அடுத்த கடிதத்தில்தான் தெரிந்தது. இப்படி இரண்டு கிழவர்கள், உலகத்திலேயே குழப்பம் குறைந்த மொழி ஒன்றில், ஒருவருக்கொருவர் வைத்தியமும் விவசாயமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வினை வரும் என்று ஸாமென்ஹோஃபுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய அப்பா மார்க், ஒரு மொழி வாத்தியார். பல மொழிகளின் பழமொழிகளை ஒப்பிட்டுத் தொகுத்து வைத்திருந்தவர். மகன் பள்ளிப் பருவத்தில் எழுதி வைத்த முதல் மொழியின் காகிதங்களை, படிப்பு கெட்டுவிடும் என்று இதே அப்பாதான் அடுப்பில் போட்டதாகச் சொல்வார்கள். அடுப்பில் போட்ட அப்பாவின் தொகுப்பை வைத்தே மகன் 1910-ல் எஸ்பெராந்தோப் பழமொழிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேலே பழமொழிகள். அதாவது, இன்னும் பேச்சே சரியாகப் பழகாத ஜனங்களுக்கு முன்கூட்டியே முதுமொழி. கல்யாணத்துக்கு முன்னாலேயே சஷ்டியப்த பூர்த்திப் பத்திரிகை அச்சடித்த மாதிரி.

புத்தகம் பெரிய மனுஷத் தோரணையோடு அலமாரியில் இருக்கிறது. மொழியை எழுதுகிறவர்களுக்கு அது இன்றைக்கும் கைப்பொருள். ஆனால் எஸ்பெராந்தோக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் வாயில் வருகிற சொற்கள் வேறு. அவற்றை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதலில் முதலை. தமிழில் முதலைக்கு வேலை கண்ணீர் விடுவது. எஸ்பெராந்தோவில் அதற்கு வேலை தாய்மொழி பேசுவது! எஸ்பெராந்தோக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருத்தர் ஊர்ப் பாஷைக்குத் தாவிவிட்டால், அதற்கு 'குரோகோடிலி' என்று பெயர், 'முதலையடிப்பது'. "முதலையடிக்காதே!" என்று சக அன்பர்கள் அதட்டுவார்கள். ஏன் முதலை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பெரிய வாய் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நம்பும்படியாக இல்லை. முதலையோடு நிற்கவும் இல்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரனான அலிகேட்டரையும் இழுத்து வந்து, இன்னொரு வகைக் குற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பழைய பங்காளி. எஸ்பெராந்தோவுக்குச் சில வருஷம் முன்னால் ஜெர்மனியில் ஷ்லையர் என்ற பாதிரியார் வொலபுக் என்று ஒரு உலக மொழி செய்தார். தூக்கம் வராத ராத்திரியில் கடவுளே சொன்னதாக அவர் சொல்லிக்கொண்டார். கொஞ்ச காலம் ஓஹோ என்று ஓடி, உள்சண்டையில் கவிழ்ந்தது. இன்றைக்கும் எஸ்பெராந்தோவில் ஒன்று தலையும் வாலும் புரியவில்லை என்றால் 'அது எனக்கு வொலபுக்' என்பார்கள். தோற்றவன் பெயரில் ஒரு மரபுத்தொடர்! பங்காளிக் காய்ச்சல் என்பது உலகப் பொதுமொழிக்கும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. கஸிமியெர்ஸ் பெய்ன் என்று ஒருவர் இருந்தார். அவரும் வார்சா, அவரும் கண் டாக்டர். (அந்த ஊரில் கண் பரிசோதனைக்குப் போகவே பயமாக இருந்திருக்கும்.) 'கபே' என்ற பெயரில் எழுதினார். எஸ்பெராந்தோ உரைநடைக்கே இலக்கணம் அவர் எழுத்துதான் என்று கொண்டாடினார்கள். 1911-ல் ஒருநாள் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். விலகிப் போனவரை அவர்கள் சும்மா விடவில்லை. வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள். தலைகால் தெரியாமல் எஸ்பெராந்தோவில் மூழ்கிக் கிடந்துவிட்டு, திடீரென்று கைகழுவிவிட்டுப் போவதற்குப் பெயர் 'கபேஇ'. 'அவர் கபே ஆகிவிட்டார்' என்றால் ஆள் அவுட்.

இதை நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த கபேடா? டிபன் நல்லா இருக்குமா?" என்றாள் அம்மா.

"நீங்க எப்பங்க கபே ஆகப்போறீங்க?" என்று சமையலறையிலிருந்து ஆவலோடு ஒரு குரல் வந்தது. புதுச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சரியான இடத்தில் போட்டுப் பேசும் இந்தத் திறமைசாலிக்குப் பாடம் நடத்த முடியவில்லையே என்று வருத்தப்பட்டேன். நானோ, எஸ்பெராந்தோக்காரர்கள் 'நித்தியத் தொடக்கக்காரர்' என்று ஒரு வகையைச் சொல்வார்களே, எத்தனை காலமானாலும் முதல் பாடத்தைத் தாண்டாத ஜீவன், அந்த வகை.

கவனித்தீர்களா? முதலை, வொலபுக், கபே மூன்றுமே வசவு. உலக சமாதானத்துக்காகச் செய்த மொழியில், ஜனங்கள் தாங்களாகப் பெற்றெடுத்த தொடர்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காட்டுவதற்குத்தான். இதைப் படித்தபோதுதான் எனக்கு எஸ்பெராந்தோ மேல் நிஜமான மரியாதை வந்தது. சங்கம் என்று ஒன்று கூடினால் சண்டை வரும். சண்டை வந்தால் சொலவடை வரும். அகராதியில் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது.

ஆனால் என் பிரச்சினை தீரவில்லையே. உவமையே வேண்டாம், நேராகப் பேசுவோம் என்பதுதானே என் திட்டம்? அதற்கு லோஜ்பான் என்று ஒன்று அகப்பட்டது. இது அமெரிக்கச் சரக்கு. ஜேம்ஸ் குக் பிரௌன் என்பவர் 1955-ல் தர்க்க சாஸ்திரத்தின் மேல் கட்டிய 'லோக்லான்' மொழிதான் மூலம். 1987 வாக்கில் சிஷ்யர்கள் பிரிந்து வந்து லோஜ்பான் ஆரம்பித்தார்கள். லோக்லான் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு தரப்பும் கோர்ட் வரைக்கும் போனது. தர்க்க மொழியில் பேசியிருந்தால் தீர்ந்திருக்கலாம். வக்கீல்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

லோஜ்பானில் உவமைக்குத் தடை இல்லை. உரிமம் உண்டு. ஒரு சொல்லை நேர்ப்பொருளில் அல்லாமல் உருவகமாகச் சொன்னால், அதன் பின்னால் 'பெஹா' என்று ஒரு சின்ன அசை சேர்க்கலாம். 'இது வேறு அர்த்தம், அப்படியே எடுத்துக்கொள்ளாதே' என்பதற்கான முத்திரை. வேடிக்கையாகச் சொன்னால் 'ஸோஹோ' சேர்க்கலாம். ஆங்கிலத்தில் சொல்கிற தொடரை அப்படியே லோஜ்பானில் இறக்குமதி செய்தால், 'நாசமாய்ப் போன ஆங்கிலத்தனம்' என்று திட்டுவதற்குத் தனியாகச் சொல்லே வைத்திருக்கிறார்கள். என் ஹங்கேரி நண்பருக்கு நான் அனுப்பிய புளிக்கும் ஒரு 'பெஹா' ஒட்டி அனுப்பியிருந்தால் இந்த வைத்திய விசாரணை வந்திருக்காது. கணக்குப் பிரிவு ஆசாமிக்கு இதைவிட என்ன வேண்டும்? வவுச்சர் இல்லாமல் உவமை கிடையாது!

அன்று முதல் எங்கள் வீட்டில் 'பெஹா' அமலுக்கு வந்தது. தமிழிலேயே பேசலாம், ஆனால் உருவகம் வந்தால் முத்திரை குத்தியாக வேண்டும் என்று அறிவித்தேன். நானே முன்மாதிரியாக இருந்தேன். "இந்த வெயிலில் மண்டை காய்கிறது, பெஹா" என்றேன். ஜோக் அடித்தால் முடிவில் "ஸோஹோ" என்றேன். மூன்றாம் வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "சார் ஸோஹோவில சேர்ந்துட்டீங்களா? இந்த வயசுல எடுக்கறாங்களா? சென்னையா, தென்காசியா?" என்று கேட்டார். என் ஜோக்குக்கு அந்தத் தெருவில் யாரோ ஒருவர் முகம் மலர்ந்தது அன்றுதான்.

சோதனை சாயங்காலம் வந்தது. அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். காபி நேரம் தாண்டிவிட்டது. உள்ளே என் மனைவி போனில் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பூனை வந்து அம்மாவின் காலை உரசியது. அம்மா அதைத் தடவிக் கொடுத்து, நிதானமாக, உள்ளறை வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"வாடி ராஜாத்தி. இந்த வீட்ல உனக்காவது நேரத்துக்குப் பால் கெடைக்குது."

போன் பேச்சு நின்றது. டிகாக்‌ஷன் ஃபில்டரின் மூடி ணங்கென்று மேடையில் விழுந்தது.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அலசினேன். ராஜாத்தி: பூனையின் பெயர், நேர்ப்பொருள். இந்த வீடு: இதே வீடுதான். பால்: பசும்பால், நான்கரை மணிக்கு ஊற்றியது, நானே பார்த்தேன். நேரத்துக்கு: உண்மை. கிடைக்கிறது: சந்தேகமில்லை. ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றின் பின்னாலும் 'பெஹா' போட முகாந்திரமே இல்லை. ஆனால் அம்பு போய்த் தைத்துவிட்டது, காயமும் தெரிகிறது. வில்லை மட்டும் காணோம். சாடை என்பது எந்தச் சொல்லிலும் இல்லை. பூனையிடம் சொன்னதில் இருக்கிறது. எந்த அமெரிக்கத் தர்க்கக்காரரும் பூனைக்கு அசை வைக்கவில்லை.

"அம்மா, இதுல 'பெஹா' எங்கே வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பூனைகிட்டப் பேசறதுக்கும் உங்கிட்ட லைசன்ஸ் வாங்கணுமாடா?"

உள்ளேயிருந்து என் மனைவி வாசற்படிக்கு வந்து, "அத்தை பூனையத்தானே சொன்னாங்க? நீங்க எதுக்கு நடுவுல?" என்றாள்.

காபி வந்தது. அம்மாவுக்கு ஒரு டம்ளர். என் மனைவிக்கு ஒரு டம்ளர். இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து குடித்தார்கள். பூனைக்கு இன்னொரு கரண்டி பால். எனக்கு வரவில்லை, இதிலும் உருவகம் ஒன்றும் கிடையாது.

இந்த முத்திரை யோசனையில் லோஜ்பான் முன்னோடியும் இல்லை. 1668-லேயே ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், ராயல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவர், அந்த வருஷமே பிஷப் ஆனவர், உலகத்தில் உள்ள சகலத்தையும் 40 பெரிய இனங்களாகப் பிரித்து அடுக்கி ஒரு தத்துவ மொழி செய்தார். சொல்லைப் பார்த்தாலே பொருள் எந்த இனம், எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். அலங்காரப் பேச்சு அறிவுக்குச் சத்துரு என்று எண்ணிய கூட்டம் அது. அந்த வில்கின்ஸும் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் வைத்திருக்கிறார்: இந்தச் சொல்லை உருவகமாக எடுத்துக்கொள்ளவும். பிஷப் வீட்டிலும் யாரோ பூனையோடு பேசியிருக்க வேண்டும்.

வேறு சிலர் எதிர்த்திசையில் போனார்கள். முதலில் வாழ்க்கையைத் தீர்மானித்து, அதிலிருந்து பேச்சை எடுப்பது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக டேவிட் பீட்டர்சன் செய்த டோத்ராக்கியைப் பேசுகிறவர்கள் குதிரையிலேயே பிறந்து குதிரையிலேயே சாகிறவர்கள். சௌக்கியமா என்று கேட்க, 'நன்றாகச் சவாரி செய்கிறாயா?' என்பார்கள். மார்க் ஓக்ராண்ட் செய்த கிளிங்கானில் வணக்கத்துக்கே சொல் இல்லை. சண்டைக்காரர்களுக்கு எதற்கு உபசாரம்? எதிரே வருகிறவரிடம் 'என்ன வேணும்?' என்பதுதான் முகமன். நான் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குக் கிடைப்பது அதுவேதான். கனடாவின் சோன்யா லாங் 2001-ல் வெளியிட்ட தோக்கி போனாவிலோ மொத்தமே 120 சொல் அளவுதான். ஆகவே எதைச் சொன்னாலும் சுற்றி வளைத்துத்தான் சொல்லியாக வேண்டும். மதுவுக்கு 'கிறுக்குத் தண்ணி' என்கிறார்கள். அடைமொழியே இல்லாமல் வெறும் தண்ணி என்று சொல்லிப் புரிந்துகொள்ளும் நம் ஆட்களுக்கு அதிலும் ஒரு சொல் மிச்சம்.

"அப்பா, நம்ம ஊர்லயே கிளிக்கி இருக்கே" என்றாள் மகள். 2015-ல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி செய்தது. அதில் நான் என்பதற்கு 'மின்'. திருப்பிப் போட்டால் 'நிம்', நீ. ஒருவர் சொன்னதை அடுத்தவர் தலைகீழாகத் திருப்புவது என்ற தாம்பத்தியத்தின் முழு இலக்கணத்தையும் இரண்டு சொல்லில் அடக்கிய மொழி வேறு இல்லை. ஆனால் போர்க்களத்தில் உறுமத் தோதான அதை வீட்டுக்குள் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக நான் எடுத்தது லாடன். அமெரிக்க மொழியியல் பேராசிரியை சூசெட் ஹேடன் எல்ஜின் 1982-ல் பெண்களுக்காகச் செய்தது. பெண்கள் அன்றாடம் படுகிற பாட்டுக்கு இருக்கிற மொழிகளில் சொல் இல்லை, பத்து வாக்கியம் பேசித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது என்று அவருக்கு ஆதங்கம். லாடன் வாக்கியத்தின் முடிவில், இதைச் சொல்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் ஓர் அசை வரும். கண்ணால் கண்டது என்றால் ஒன்று, நம்பகமான ஆள் சொன்னது என்றால் ஒன்று, நம்பத்தகாத ஆள் சொன்னது என்றால் ஒன்று. மூன்றும் ஒரே 'வா'தான், குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. இது என் மனைவிக்குப் புதிதே அல்ல. நான் சொன்னதற்கு அவள் "ஆமா" என்றால் ஆமாம்; "ஆமாஆ" என்றால் அந்தக் கடைசி அசை.

லாடன் அகராதியில் 'ராடீடின்' என்று ஒரு சொல். பொருளை அவளுக்குப் படித்துக் காட்டினேன்: பேருக்குத்தான் பண்டிகை நாள், ஆனால் வேலையும் ஏற்பாடுகளும் தலைக்கு மேலே போய், வராமலே இருந்தால் தேவலை என்று தோன்றும் நாள், முக்கியமாக, விருந்தாளிகள் நிறைய வந்து, ஒருத்தரும் ஒரு கை கொடுக்காத நாள்.

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"இதுக்கு ஒரு வார்த்தையே வெச்சிருக்காங்களா? அந்தம்மாவுக்கு எத்தனை நாத்தனார்?"

தெரியாது என்றேன்.

"ஒருத்தரும் கை கொடுக்காதன்னு போட்டிருக்கே, அதுல வீட்டுக்காரரும் சேர்த்தியான்னு நல்லாப் பாருங்க."

அதோடு அம்மா, "எங்க காலத்துல மாசத்துக்கு நாலு ராடீடின் வரும்டி. உங்க மாமனார் அந்த ஈஸிசேரை விட்டு எழுந்தது கிடையாது" என்றாள். நாவில் ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. எஸ்பெராந்தோவின் 16 விதிகளுக்கும் லோஜ்பானின் தர்க்கத்துக்கும் மசியாத மாமியாரும் மருமகளும், லாடனில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு என்னை நோக்கித் திரும்பினார்கள்.

எல்ஜின் தன் மொழிக்குப் பத்து வருஷம் கெடு வைத்துப் பார்த்தார். பெண்கள் பெரிதாக அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் கிளிங்கான் கொழித்தது. ஆனால் எங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை. என் மனைவி தன் தங்கைக்குச் சொன்னாள். தங்கை தன் ஓரகத்திக்குச் சொன்னாள். போன பொங்கலுக்கு மதுரையிலிருந்து ஒரு போன்: "அக்கா, உங்க வீட்ல பொங்கலா, ராடீடினா?" இப்போது அது பண்டிகையையும் தாண்டிவிட்டது. முன்னறிவிப்பில்லாமல் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்களுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. "மாடி வீட்டுக்கு ரெண்டு ராடீடின் வந்திருக்கு, நாலு நாள் தங்கும்போல." அகராதியில் இப்படிப் பொருள் கிடையாது. உருவகம். யாரும் முத்திரை குத்தவில்லை, எல்லோருக்கும் புரிகிறது. எனக்கும்தான். பாத்திரம் தேய்ப்பது இப்போது நான்.

என் மச்சான், மச்சினிகள், ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள் என்பதால் கையோடு ஒரு விண்ணப்பம்: வருகிற தீபாவளிக்கு அவசியம் வாருங்கள், இரண்டு நாள் முன்னால் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வையுங்கள். தேய்க்கிற நார் குழாயடியில் இடது பக்கம் தொங்குகிறது.